அப்பா மௌன அஞ்சலி செலுத்திய வாய்க்கால்

கேள்வி:

நாங்கள் பாரிஸில் இருக்கிறோம். எங்களோடு தங்க வந்திருக்கும் அப்பா 34 வருடம் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். முதல் உலகப் போரில் இந்திய வீரர்கள் சண்டையிட்ட மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போன மாதம் வடக்கே நவ் ஷப்பேலுக்கு அழைத்துப் போனோம். நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு வயல் பாதையில் நடந்தபோது நீளமாக ஒரு பள்ளம் தெரிந்தது. “இதோ, நம் ஆட்கள் பதுங்கியிருந்த குழி” என்றார் அப்பா. அரை மணி நேரம் கண் கலங்கப் பேசினார். பிறகு எல்லோரையும் தலை குனிந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார்.

அந்த வழியாக வந்த விவசாயி ஒருவர் டிராக்டரை அணைத்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அவரும் எங்களோடு நின்றார். மௌனம் முடிந்ததும் என் கணவரிடம் மெதுவாக, “என் வாய்க்காலில் யார் இறந்துபோனார்கள்?” என்று கேட்டார். இரண்டு வருடம் முன்பு தண்ணீர் வடிவதற்காக அவரே வெட்டிய வாய்க்கால் அது! அப்பா நம்பாமல் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார், வழுக்கி முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டார். காலைத் தூக்கியபோது இடது ஷூ சேற்றிலேயே நின்றுவிட்டது. விவசாயிதான் மண்வெட்டி போட்டு எடுத்துக் கொடுத்தார். என் 9 வயது மகன் முதலில் சிரித்தான், பிறகு விவசாயி, பிறகு நாங்கள் எல்லோரும். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வரலாறு என்றாலே வாய் திறப்பதில்லை. மறுபடி போகலாமா என்றால் “வாய்க்காலைப் பார்க்கவா?” என்கிறார். அத்தனை பேர் செத்த இடத்தில் சிரித்தது தப்பு என்று எனக்கும் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பின்குறிப்பு: மகன் வயலோரத்தில் துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்துப் பையில் போட்டுக் கொண்டு வந்துவிட்டான். கனமாக, உருளையாக, ஒரு முனை கூம்பாக இருக்கிறது. அதைக் கழுவி அப்பாவுக்கு நினைவுப் பொருளாகக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பின்குறிப்பைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் பிடித்து, அந்த இரும்பைத் தொடாமல், கழுவாமல், வேறு இடத்துக்கு நகர்த்தாமல், எல்லோரும் வீட்டுக்கு வெளியே வந்து 112-ஐ அழையுங்கள் என்றேன். நீங்கள் தயங்காமல் செய்தீர்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டு, கலப்பையை டிராக்டரோடு கோக்கிற பழைய இரும்பு ஆணி அது என்று சொல்லிச் சென்றதை மறுநாள் எழுதியிருந்தீர்கள். வாய்க்கால் விவசாயியுடையது, இரும்பும் அவருடையதாகவே இருக்கலாம் என்று உங்கள் மகன் சொன்னானாம். கெட்டிக்காரப் பையன்.

ஆனால் ‘வீணாக எல்லோரையும் அலையவைத்துவிட்டோமே’ என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த வருத்தம் வேண்டாம். நான் முதல் உலகப் போர்க் களங்களைச் சுற்றிக் காட்டுவதையே தொழிலாகச் செய்கிறவன். அந்த நிலத்தில் உருளையாக, ஒரு முனை கூம்பாக, கனமாக ஏதாவது கிடந்தால் நானே பத்தடி தள்ளி நின்று காவல்துறையைக் கூப்பிடுவேன். ஒரு நூற்றாண்டுத் துரு ஏறிய இரும்பை, அதுவும் களிமண் அப்பியிருக்கும்போது, கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க என்னால் முடியாது. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்து விவசாயிகள் இதற்கு ‘இரும்பு அறுவடை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1914 முதல் 1918 வரை கொட்டிய பீரங்கிக் குண்டுகளில் வெடிக்காமல் மண்ணுக்குள் புதைந்தவை ஏராளம். ஒவ்வொரு வருடமும் உழவு ஓட்டும்போது அவை மேலே வருகின்றன. பெல்ஜியத்துப் பக்கம் விவசாயிகள் அவற்றைச் சாலையோரக் கம்பங்களின் அடியில் வைத்துவிட்டு ராணுவத்துக்குச் சொல்லிவிடுவார்கள். உழுது உழுது பழகிய அவர்கள் செய்கிறார்கள் என்று நாம் செய்யக்கூடாது. 2014 மார்ச்சில் ஈப்பர் நகரத்தில் கட்டடப் பணியின்போது முதல் உலகப் போர்க் குண்டு ஒன்று வெடித்து இரண்டு தொழிலாளிகள் இறந்துபோனார்கள். போர் தொடங்கி அப்போது 100 வருடம் ஆகப்போகிறது! இன்னும் சில குண்டுகளுக்குள் விஷவாயு இருக்கிறது. வெளியே துருவாகத் தெரிகிற ஓட்டுக்குள் அது அப்படியே காத்திருக்கும்.

உங்கள் மகனுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன். 1917 ஜூன் 7 அதிகாலையில், நவ் ஷப்பேலுக்கு வடக்கே எல்லை தாண்டி மெசீன் குன்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்திருந்த 19 வெடிக்கிடங்குகளைப் பிரிட்டிஷ் படை வெடிக்கச் செய்தது. அன்று வெடிக்காமல் மண்ணுக்கு அடியில் விடப்பட்ட கிடங்குகளில் ஒன்று 1955-இல் இடி விழுந்து வெடித்தது. செத்தது ஒரு மாடு மட்டும். அந்த மாடு மேய்ந்த புல்வெளியில் அதற்கு முன்பு 38 வருடம் மனிதர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். இதைச் சொன்னால் அவன் இனி வயலில் எதையும் பொறுக்க மாட்டான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பாதையை விட்டு இறங்காமல் நடந்தால் அங்கே பயப்பட ஒன்றும் இல்லை.

இனி அப்பா விஷயம்.

அவர் செய்த பிழை என்ன என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சமவெளியில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். களிமண் என்பதால் பெய்த மழையும் கீழே இறங்காது. அதனால் நவ் ஷப்பேல் பகுதியில் பல இடங்களில் ஆழமான பதுங்குகுழி தோண்டவே முடியவில்லை. கொஞ்சம் தோண்டி, அதற்கு மேல் மணல்மூட்டைகளையும் மண்ணையும் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் குனிந்து நின்றார்கள். போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய மக்கள் அந்தச் சுவர்களைக் கலைத்து, பள்ளங்களை மூடி, மறுபடி ஏர் பூட்டினார்கள். ஆகவே அங்கே இன்று வயலுக்கு நடுவே ஒழுங்காக, கரை சரியாமல், ஆழமாக ஒரு பள்ளம் இருக்கிறது என்றால் அது வடிகால்தான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. வாய்க்கால் நேராகப் போகும், தண்ணீருக்குத் திருப்பம் பிடிக்காது. பதுங்குகுழி நேராக இருக்கவே இருக்காது. சில கஜத்துக்கு ஒருமுறை முட்டி மடங்கித் திரும்பும். நேர்க்கோட்டில் இருந்தால் எதிரி ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை சுட்டுத் தள்ளிவிடுவான். உள்ளே ஒரு குண்டு விழுந்தாலும் சிதறல் அந்த நீளம் முழுக்கப் பாயும். மடிப்பு இருந்தால் சாவு அந்த ஒரு அறையோடு நிற்கும்.

இந்த மடிப்புகளைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் நவ் ஷப்பேலில் நடந்தது எனக்கு முழுதாகப் புரிந்தது. 1915 மார்ச் 10 காலை 35 நிமிடம் பீரங்கிகள் முழங்கின. அடுத்து பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் சேர்ந்து முன்னேறின. தாக்கப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள். இந்தியப் படையின் மீரட் டிவிஷனில் 39-ஆம் கட்வால் ரைஃபிள்ஸ் என்ற படைப்பிரிவு இருந்தது. அதில் கபர் சிங் நேகி என்ற பையன். பையன் என்றே சொல்கிறேன், வயது 19. எதிரியின் குழிக்குள் இறங்கிய சிறு குழுவில் அவரும் ஒருவர். அந்தக் குழியின் ஒவ்வொரு மடிப்பிலும் முதல் ஆளாகத் திரும்பியவர் அவர்தான் என்று அவருக்கு அளிக்கப்பட்ட விக்டோரியா கிராஸ் என்ற பிரிட்டனின் மிக உயரிய வீர விருதின் குறிப்பு சொல்கிறது. அடுத்த மடிப்புக்கு அப்பால் யார் நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. முதலில் திரும்புகிறவன் மீதுதான் முதல் குண்டு. எதிரிகள் சரணடையும் வரை அவர் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டே போனார். அந்தச் சண்டையிலேயே இறந்தார், விருது அவர் மறைவுக்குப் பிறகு வந்தது.

34 வருடம் பாடம் எடுத்தவருக்கு இதை உங்கள் மகன் போய்ச் சொல்லட்டும். “தாத்தா, அது ஏன் வாய்க்கால் தெரியுமா? மடிப்பே இல்லை” என்று அவன் ஆரம்பித்தால் போதும். ஆசிரியர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

இடத்தைத் தவறாகக் காட்டியதற்காக அவர் கூனிக் குறுக வேண்டியதே இல்லை. இங்கிலாந்தில் பாஸ்வொர்த் போர் நடந்தது 1485-இல். மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் உயிரை விட்ட களம். அது ஏம்பியன் குன்றில் நடந்தது என்று நம்பி, அங்கே கொடி நட்டு, அருங்காட்சியகம் வைத்து, பள்ளிப் பிள்ளைகளை வருடக்கணக்காகக் கூட்டிப் போனார்கள். பிறகு உலோகத் தேடல் கருவியோடு ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் வயல் வயலாக நடந்து, 2009-இல் ஈயக் குண்டுகளை வைத்து உண்மையான களத்தைக் கண்டுபிடித்தார்கள். சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி! உங்கள் அப்பாவின் பிழை அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. நவ் ஷப்பேல் ஊரைச் சுற்றியுள்ள அந்த வயல்கள் எல்லாமே சண்டை நடந்த இடம்தான். அவர் நின்ற பள்ளம் மட்டும்தான் புதிது.

அடுத்து நான் சொல்வதை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

ஐயா, நீங்கள் பார்த்த அந்த வட்டமான நினைவுச் சின்னத்தின் சுவரில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1927-இல் திறக்கப்பட்டது. நடுவில் 15 மீட்டர் தூண், அதன் உச்சியில் தாமரை, அடியில் இரண்டு புலிகள். அந்தச் சுவரில் எழுதப்பட்டிருப்பவர்களுக்குத் தனியாகக் கல்லறை கிடையாது. அவர்கள் எந்த வயலில், எந்தக் கரையோரத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பெயரைச் சுவரில் எழுதினார்கள். அந்த மண்ணில் இன்றும் எப்போதாவது ஏர்முனையிலும் கட்டட அஸ்திவாரத்திலும் எலும்புகள் தட்டுப்படுகின்றன. அப்படியிருக்க, நீங்கள் தலை குனிந்து நின்றது தவறான இடம் என்று எதை வைத்துச் சொல்வது? வாய்க்கால் புதியது, மண் புதியதல்ல. உங்கள் இரண்டு நிமிடம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ஒன்றுமே புரியாமல், ஏதோ துக்கம் என்று மட்டும் உணர்ந்து, டிராக்டரை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிய அந்த விவசாயியை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ வருடமாக ஆட்களை அங்கே கூட்டிப் போகிறேன், அப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை.

உங்கள் ஷூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் போர்க்களத்தில் குழி மிச்சமில்லை, மணல்மூட்டைச் சுவர் மிச்சமில்லை. மாறாமல் மிச்சமிருப்பது அந்தக் களிமண்ணும் அதில் நிற்கிற தண்ணீரும்தான். 1914 செப்டம்பர் கடைசியில் மார்சேயில் கப்பலிறங்கிய நம் வீரர்கள் வெயில் நாட்டுக்கான மெல்லிய காக்கியோடு வந்தவர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க இந்தச் சேற்றில் முழங்கால் அளவு நின்றார்கள். பூட்ஸ் சேற்றில் சிக்கிக் கழன்றுபோவது அவர்களுக்கு அன்றாடம். நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிக் கால் வீங்கி, மரத்து, அழுகியவர்கள் பலர். புத்தகத்தில் ‘சேறு’ என்று ஒரு சொல்லாகப் படித்துப் பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள். இப்போது அது காலைப் பிடித்து இழுப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் கூட்டிப் போகிறவர்கள் நல்ல தார்ச்சாலையில் நடந்து, காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

சகோதரி, சிரித்தது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்தக் குழிகளில் நின்றவர்களே சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஈப்பர் என்ற பெயர் வாயில் நுழையாமல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதை ‘வைப்பர்ஸ்’ ஆக்கினார்கள். இடிந்த அந்த நகரத்தில் கிடைத்த அச்சு இயந்திரத்தை வைத்து 1916-இல் கேலிப் பத்திரிகையே நடத்தினார்கள். நம் வீரர்களும் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுடைய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் கருப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைச் செலவழிக்கிறார்கள் என்கிற மாதிரி எழுதினார்கள். கருப்பு மிளகு இந்தியர்கள், சிவப்பு மிளகு வெள்ளைக்காரர்கள். சாவின் கணக்கையே சமையல் கணக்காக எழுதி அனுப்பியிருக்கிறார்கள்! அவர்கள் முன்னால் ஒரு தாத்தாவின் ஷூ சேற்றில் சிக்கியதைப் பார்த்து ஒன்பது வயதுப் பையன் சிரித்தான் என்றால், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். நினைவுத் தூணின் மேல் ஏறிப் படம் எடுப்பது, பெயர் பொறித்த கல்லில் சாய்ந்து தின்பண்டம் கொறிப்பது, இதெல்லாம்தான் எனக்குப் பொறுக்காது. நீங்கள் மௌனம் முடிந்து சிரித்தவர்கள்.

ஆனால் அப்பாவுக்கு வலித்தது சிரிப்பல்ல என்று எனக்குப் படுகிறது. வாழ்நாள் முழுக்கத் தெரிந்ததாக நினைத்த ஒன்றை, பேரன் முன்னால் ஒரு அந்நியர் வந்து திருத்தினார். அதுதான். “பரவாயில்லை விடுங்கப்பா” என்றால் ஆறாது. மறுபடி அவருக்குத் தெரிந்தவராக நிற்க ஒரு வாய்ப்பு வேண்டும். அதற்கு நான் ஒரு வேலை சொல்கிறேன்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவம் பதுங்குகுழிகளைக் குறித்து வைத்த வரைபடங்கள் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, இன்றைய வரைபடத்தின் மேல் படியவைத்தும் பார்க்கலாம். அப்பாவையும் மகனையும் ஒரு மாலை அதன் முன்னால் உட்கார வையுங்கள். நீங்கள் நடந்த பாதையை மகன் தேடட்டும், குழிகளின் கோட்டைத் தாத்தா படிக்கட்டும். அந்த வாய்க்காலிலிருந்து உண்மையான கோடு எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்று இருவரும் சேர்ந்து அளக்கட்டும். கூடவே ஊருக்கு அருகே உள்ள ஓபெர் மேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். காரில் போனால் மேடு என்றே தெரியாது, அவ்வளவு தாழ்வானது. ஆனால் ஜெர்மானியர்கள் அந்த உலர்ந்த மேட்டைக் கையில் வைத்திருந்தார்கள், நம்மவர்கள் கீழே தண்ணீரில் நின்றார்கள். நவ் ஷப்பேல் ஊர் முதல் நாள் காலையிலேயே கைக்கு வந்தது, அந்த மேடு வரவில்லை. மார்ச் 13-ஆம் தேதி தாக்குதலை நிறுத்தும்போது இந்தியப் படையில் மட்டும் இறந்தவர்களும் காயப்பட்டவர்களுமாக 4,000-க்கும் மேல். இதை மகனுக்கு விளக்க உங்கள் அப்பாவைவிடப் பொருத்தமானவர் உங்கள் வீட்டில் யார்?

அடுத்த பயணத்தில் முதலில் விமிக்குப் போங்கள். நவ் ஷப்பேலிலிருந்து அதிக தூரமில்லை. 1917 ஏப்ரலில் கனடாப் படை பிடித்த குன்று அது. அங்கே பதுங்குகுழிகளை மடிப்பு மாறாமல் சிமெண்ட் மூட்டைகளால் கட்டிப் பாதுகாக்கிறார்கள், உள்ளே இறங்கி நடக்கலாம். சுற்றிலும் உள்ள புல்வெளியில் வேலி போட்டு யாரையும் விடுவதில்லை. வெடிக்காத குண்டுகள் கிடப்பதால் அங்கே புல் வெட்டும் வேலையைக்கூட ஆடுகள்தான் செய்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் மகனை நிறுத்தி, அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்கட்டும். அப்புறம் நவ் ஷப்பேல் வந்து, சுவரில் கபர் சிங் நேகியின் பெயரை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் வழிகாட்ட வேண்டாம், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயியின் முகவரி உங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போவதற்கு முன் அவருக்கு ஒரு வரி போட்டுவிடுங்கள், அந்த இரும்பு ஆணி அவருடையதுதானா என்றும் கேட்டு வையுங்கள்.